எருமையைக் கொன்றது எந்தக் கிருமி? இரத்தத்தில் மரபணுச் சோதனை

மாலையில் வழக்கம்போல் தவிடும் புண்ணாக்கும் தின்ற எருமை, விடியற்காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். வாயிலிருந்து எச்சில் கயிறு போல் வடியும். தொண்டை வீங்கி, மூச்சு விடும்போது 'கர் கர்' என்ற சத்தம் தெரு வரை கேட்கும். டாக்டரை அழைத்து வர ஆள் போய்த் திரும்புவதற்குள் எருமை விழுந்துவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் கிராமங்களில் காலங்காலமாக நடந்துவரும் துயரம் இது. தொண்டை அடைப்பான் என்று விவசாயிகள் இதைச் சொல்கின்றனர்.

தொண்டை வீங்குவதால் இப்பெயர் வந்ததே தவிர, இது தொண்டையோடு நிற்கும் நோய் அல்ல. பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதால் வருவது. காய்ச்சல் 106 டிகிரி வரை ஏறும். நோய் கண்ட மாடு பெரும்பாலும் ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் இறந்துவிடும். பசுவைவிட எருமையையும், எருமையிலும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள கன்றுகளையும் இது அதிகமாகத் தாக்குகிறது.

இறந்த எருமை போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக் கொள்ளலாம். ஆனால் கொட்டகையில் இன்னும் இரண்டு உருப்படிகள் நிற்கின்றன. அடுத்த வீட்டிலும் நிற்கின்றன. முதல் மாடு எதனால் செத்தது என்று தெரிந்தால்தான் மற்றவற்றைக் காப்பாற்ற வழி தெரியும். திடீர்ச் சாவுக்குக் காரணங்கள் பல. தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதைவிடக் கொடிய அடைப்பானாக, அதாவது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். சப்பை நோயாக இருக்கலாம். பாம்பு கடித்திருக்கலாம். வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்ததால் விஷம் ஏறியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. தொண்டை அடைப்பானுக்குப் போடும் தடுப்பூசி ஆந்த்ராக்ஸைத் தடுக்காது. சோள விஷத்துக்குத் தடுப்பூசியே கிடையாது.

இங்கேதான் இரத்தத்தில் உள்ள கிருமியின் மரபணுவைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்கும் முறை பயன்படுகிறது.

பழைய முறைகள்

கால்நடை டாக்டர் முதலில் செய்வது, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. தொண்டை அடைப்பான் கிருமி இருமுனையிலும் சாயம் ஏறி, நடுவில் வெளுத்துத் தெரியும். ஆந்த்ராக்ஸ் கிருமி தடித்த குச்சிகள் சங்கிலியாகக் கோத்தது போல் இருக்கும்; நீலச் சாயமிட்டால் அதைச் சுற்றியுள்ள உறை இளஞ்சிவப்பாகத் தெரியும். இந்த உறைச் சோதனையை மெக்ஃபேடியன் என்ற கால்நடை மருத்துவர் 1903இல் வெளியிட்டார். இன்றும் இது கைவிடப்படவில்லை. அரை மணி நேரத்தில் விடை தரும் சோதனை, செலவும் சொற்பம். ஆனால் மாடு இறந்து வெகு நேரமாகி, உடல் அழுகத் தொடங்கிவிட்டால், குடலிலுள்ள வேறு பல கிருமிகளும் இரத்தத்துக்கு வந்துவிடும். அப்போது எது எதுவென்று கண்ணால் பார்த்து உறுதி சொல்வது கடினம்.

அடுத்தது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. இரத்தத்தை ஊட்டப்பொருள் உள்ள தட்டில் இட்டு உடல் சூட்டில் வைத்தால், ஒரு நாளில் கிருமி கூட்டங்கூட்டமாக வளரும். பிறகு அதை வகை பிரித்து உறுதி செய்ய மேலும் சில நாட்கள் ஆகும். சோதனைச்சாலைகளில் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்க்கும் வழக்கமும் உண்டு. தொண்டை அடைப்பான் கிருமி இருந்தால் சுண்டெலி ஒன்றரை நாளுக்குள் இறந்துவிடும்.

கிருமியை வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உயிருள்ள கிருமி இருந்தால்தான் வளரும். டாக்டர் வருவதற்கு முன்பே யாராவது ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் கிருமி பாதி செத்திருக்கும். தட்டில் எதுவும் வளராது. மாதிரி வெயிலில் பஸ்ஸில் போனாலும் இதே கதைதான். 'ஒன்றும் இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி அடுத்த மாட்டையும் பறிகொடுப்பதுண்டு.

ஒன்று கோடியாவது எப்படி?

பொன்னி நெல்லுக்கும் குதிரைவாலிக்கும் விதையிலேயே வேறுபாடு இருப்பதுபோல, ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கே உரிய மரபணு உண்டு. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துளி இரத்தத்தில் மாட்டின் டி.என்.ஏ. மலைபோல் இருக்கும், கிருமியின் டி.என்.ஏ. அதில் கடுகளவுகூட இராது. அந்தக் கடுகைத் தேடிப் பிடிக்கும் வழியை அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்ற வேதியியல் அறிஞர் 1983இல் கண்டார். அதற்காக 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்முறைக்குப் பி.சி.ஆர். என்று பெயர். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தார்களே, அதற்கும் இதுவே அடிப்படை.

டி.என்.ஏ. இரட்டைப் புரியாக முறுக்கிய கயிறு போன்றது. சுமார் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் இரு புரிகளும் பிரிகின்றன. பிறகு சூட்டை 50 முதல் 60 டிகிரி வரை குறைக்கும்போது, தேடப்படும் கிருமிக்கு மட்டும் பொருந்துமாறு செய்து வைத்த சிறு துண்டுகள் அந்தப் புரிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பூட்டுக்கேற்ற சாவி போல, வேறு கிருமியின் புரியில் இவை ஒட்டுவதில்லை. மறுபடி 72 டிகிரிக்கு ஏற்றும்போது ஒரு நொதி, ஒட்டிய இடத்திலிருந்து புதுப்புரியைக் கட்டுகிறது. ஒன்று இரண்டாகிவிட்டது. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முப்பது தடவை முடியும்போது, கணக்குப்படி ஒரே ஒரு துண்டு 107 கோடிக்கு மேல் பெருகியிருக்கும். கருவிக்கு இது இரண்டு மணி நேர வேலை.

இவ்வளவு சூட்டில் எந்த நொதியும் கெட்டுப்போக வேண்டும் அல்லவா? கெடாத நொதியைத் தந்தது, அமெரிக்காவில் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1960களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா. மாட்டைக் கொல்லும் பாக்டீரியாவைப் பிடிக்க வெந்நீரில் வாழும் இன்னொரு பாக்டீரியா உதவுகிறது!

பெருகிய துண்டைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் என்ற பசையில் ஓடவிட்டால், கோடு கோடாகத் தெரியும். எதிர்பார்த்த நீளத்தில் கோடு விழுந்தால் கிருமி இருக்கிறது என்று பொருள். புதிய கருவிகளில் கோடு பார்க்கவும் தேவையில்லை; பெருகப் பெருக ஒளி கூடுவதைக் கருவியே குறித்துக் கொள்ளும். காலையில் மாதிரி வந்தால் மாலைக்குள் விடை சொல்லலாம்.

ஒரே கிருமி, பல வகை

பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது. உறையை வைத்து இதில் ஏ, பி, டி, இ, எஃப் என ஐந்து வகைகள் உள்ளன. கோழிக்காலரா பெரும்பாலும் ஏ வகையால் வருகிறது. ஆசியாவில் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் தருவது பி வகை. ஆப்பிரிக்காவில் இ வகையும் உண்டு. ஏ வகை மாட்டின் சுவாசப் பையில் இருந்து சளியும் நிமோனியாவும் தரலாம். ஆகவே கிருமி இருக்கிறது என்பதோடு, எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் 1998இல் தொண்டை அடைப்பான் தரும் பி வகையைத் தனியே காட்டும் பி.சி.ஆர். முறையை வெளியிட்டனர். 2001இல் ஐந்து வகைகளையும் பிரித்துச் சொல்லும் முறை வந்தது. முன்பு வகை பிரிக்கத் தனித்தனிச் சீரம் வைத்திருக்கும் சோதனைச்சாலையைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

இந்த முறை எவ்வளவு உதவும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு மே மாதம் கஜகஸ்தானில் நடந்ததைச் சொல்லலாம். அங்குள்ள புல்வெளிகளில் சைகா என்னும் ஒருவகை மான் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. கன்று ஈனும் பருவத்தில், மூன்றே வாரங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சைகாக்கள் செத்து விழுந்தன. அப்போது உலகிலிருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல் அழிந்துபோயின. விஷமா, ராக்கெட் எரிபொருளா என்று பலவிதப் பேச்சு எழுந்தது. உடல்களை அறுத்துப் பார்த்தும், கிருமியை வளர்த்தும், மரபணுவைச் சோதித்தும் ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டனர். பாஸ்சுரெல்லா மல்டோசிடா பி வகைதான் காரணம். நமது எருமைகளைக் கொல்லும் அதே தொண்டை அடைப்பான்! அதுவரை தொண்டைச் சதையில் சும்மா கிடந்த கிருமி, அந்நாட்களில் வழக்கத்துக்கு மாறாக இருந்த வெப்பத்தாலும் ஈரத்தாலும் கிளர்ந்தெழுந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு கருதுகிறது.

சும்மா கிடந்த கிருமி என்பதை மாடு வளர்ப்போர் கவனிக்க வேண்டும். நோய் பரவி ஓய்ந்தபின், பிழைத்த மாடுகள் சில இக்கிருமியைத் தொண்டைச் சதையில் வைத்துக்கொண்டு நலமாகவே நடமாடும். மழையில் நனைந்து, தீவனம் குறைந்து, உழவிலோ லாரிப் பயணத்திலோ களைத்துப்போனால் கிருமி பெருகிக் கொட்டகை முழுவதும் பரவும். சந்தையில் வாங்கிய மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டச் சொல்வது இதனால்தான். மூக்குச் சளியில் பி.சி.ஆர். செய்து இத்தகைய மாடுகளைப் பிடிக்கலாம் என்றாலும், கிருமி எல்லா நாளும் சளியில் வருவதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் சூட்சுமம்

நோயுற்று உயிரோடு இருக்கும் மாட்டின் இரத்தத்தில் தொண்டை அடைப்பான் கிருமி எப்போதும் கிடைக்காது. சாகும் தறுவாயில்தான் அது இரத்தத்தில் நிறைகிறது. ஆகவே காய்ச்சல் தொடங்கியதும் எடுத்த இரத்தத்தில் கிருமி இல்லை என்று விடை வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமல்ல. மாடு இறந்த சில மணி நேரத்துக்குள் இதயத்திலிருந்தோ கழுத்து நரம்பிலிருந்தோ எடுக்கும் இரத்தமே சிறந்தது. நேரம் கடந்துவிட்டால், சதை நீக்கிய கால் எலும்பை அனுப்புவார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கு அழுகல் கடைசியில்தான் போய்ச் சேரும். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, ஆள் மூலம் நேரே அனுப்புவது நல்லது.

இவற்றையெல்லாம் டாக்டர்தான் செய்ய வேண்டும். விவசாயி கத்தியைத் தொடவே கூடாது. காரணம் ஆந்த்ராக்ஸ்.

உடலை ஏன் அறுக்கக் கூடாது?

திடீரெனச் செத்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றிலிருந்து தார்போல் கறுத்து உறையாத இரத்தம் வந்தால், வயிறு சீக்கிரம் ஊதி உடல் விறைக்காமல் இருந்தால், ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகிக்க வேண்டும். இந்த அடையாளங்கள் தெரியாமலும் ஆந்த்ராக்ஸ் வருவதுண்டு. சில சமயம் கழுத்திலும் வீக்கம் தோன்றித் தொண்டை அடைப்பான்போல் ஏமாற்றும். உடலுக்குள் இருக்கும் வரை ஆந்த்ராக்ஸ் கிருமி மென்மையானது. உடலை அறுக்காமல் விட்டால் அழுகலிலேயே பெரும்பாலும் சில நாட்களில் செத்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் விதைபோன்ற கெட்டி உறையைப் போர்த்துக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்துக் கரையை ஒட்டிய குருய்னார்டு தீவில் 1942, 1943 ஆண்டுகளில் போர்க்காலச் சோதனைக்காக இக்கிருமியைப் பரப்பினார்கள். 1986இல் ஃபார்மலின் கரைசலை ஊற்றித் தீவைக் கழுவிய பிறகு, 1990இல்தான் அங்கு மனிதர் கால் வைக்கலாம் என்று அறிவித்தார்கள். ஒரு வயலோரத்தில் அறுத்த மாடு, பேரப்பிள்ளைகளின் மாடுகளையும் கொல்ல வல்லது.

மனிதருக்கும் இது பரவும். தோல் உரித்தவர் கையில் வலியில்லாத கொப்புளம் தோன்றி, நடுவில் கரிபோல் பொருக்குத் தட்டும். இறைச்சியை உண்டால் குடலைத் தாக்கும். மூளைக்காய்ச்சலாக மாறி உயிரையும் பறிக்கும். போன எருமையில் தோலும் கறியுமாவது நாலு காசு தரட்டும் என்று நினைப்பது ஏழை விவசாயிக்கு இயல்பே. ஆனால் அந்த நாலு காசுக்கு வீட்டிலுள்ளவர் உயிர் விலையாகலாம். காப்பீட்டுப் பணத்துக்காக உடலை அறுத்துப் பார்க்கும்படி டாக்டரை வற்புறுத்துவதும் கூடாது. ஆந்த்ராக்ஸ் சந்தேகம் இருந்தால் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் போதும்.

அந்த ஒரு துளியில் பி.சி.ஆர். என்ன தேடுகிறது? ஆந்த்ராக்ஸ் கிருமிக்குள், முதன்மையான டி.என்.ஏ. தவிர இரண்டு சிறு வளையங்கள் உள்ளன. ஒன்றில் நஞ்சு செய்யும் மரபணு, மற்றொன்றில் உறை செய்யும் மரபணு. இரண்டும் இருந்தால்தான் கிருமி முழு வீரியத்தோடு கொல்லும். மண்ணில் இதன் உறவுக் கிருமிகள் எத்தனையோ உண்டு. மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இரண்டு வளையத்தையும் சேர்த்துத் தேடுவதால் ஏமாற இடமில்லை.

தடுப்பூசியால் மாடு செத்ததா?

தடுப்பூசி போட்ட வாரத்தில் ஒரு மாடு இறந்தால், ஊசிதான் கொன்றது என்று ஊரே பேசும். அடுத்த வருஷம் ஊசி முகாமுக்கு மாட்டை ஓட்டி வர யாரும் முன்வர மாட்டார்கள். இந்தச் சந்தேகத்தையும் மரபணுச் சோதனை தீர்த்து வைக்கும். ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியில் இருப்பது, தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் தேர்ந்தெடுத்த உயிருள்ள கிருமி. உறை செய்யும் வளையத்தை அது இழந்துவிட்டது. இறந்த மாட்டின் இரத்தத்தில் இரண்டு வளையமும் காணப்பட்டால், கொன்றது மண்ணிலிருந்து வந்த கிருமிதானே தவிர ஊசி அல்ல என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். நம் நாட்டுத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் உள்ளதோ ஃபார்மலினால் கொன்ற கிருமி. அது நோய் தர இயலாது. ஊசி பலனளிக்க இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் ஏற்கெனவே தொற்றியிருந்த நோய் வெளிப்படுவதையே ஊசியின் குற்றம் என்று நினைக்கிறார்கள்.

ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி உயிருள்ளது என்பதால், அதைப் போடும் சமயத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போடக் கூடாது. போட்டால் தடுப்பூசிக் கிருமி செத்து ஊசி வீணாகும். மாட்டுக்கு அண்மையில் என்னென்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சோதனையால் ஆகாதவை

பி.சி.ஆர். செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும். ஆன்டிபயாடிக் போட்ட மாட்டிலும் விடை கிடைப்பது இதனால்தான், அது நன்மை. ஆனால் கிருமி உயிரோடிருக்கிறதா என்று அது சொல்லாது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் சாதாரணப் பி.சி.ஆர். காட்டாது, அதற்குக் கிருமியை வளர்த்து மருந்துகளை வைத்துப் பார்ப்பதே இன்றும் நம்பகமானது. தவிர, தேடிய கிருமியைத்தான் அது காட்டும். சோள விஷத்தால் செத்த மாட்டின் இரத்தத்தைக் கொடுத்தால், இந்தக் கிருமி இல்லை என்று மட்டும் சொல்லும். சோதனைச்சாலையில் கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்தால் ஒரு மாதிரியின் துளி மற்றொன்றில் கலந்து பொய்விடையும் வரும்.

முக்கியமாக, விடை வரும் வரை வைத்தியத்தை நிறுத்தி வைக்க முடியாது. காய்ச்சல் கண்ட முதல் சில மணி நேரத்தில் ஊசி போட்டால்தான் தொண்டை அடைப்பான் கண்ட மாடு பிழைக்கும். தொண்டை வீங்கி மூச்சு இரைக்கத் தொடங்கியபின் பிழைப்பது அரிது. ஆகவே டாக்டர் அறிகுறிகளைப் பார்த்து வைத்தியத்தைத் தொடங்குவார். சோதனை, எஞ்சிய மாடுகளுக்கும் ஊருக்கும் பயன்படுவது.

இம்முறை மனிதருக்கும் பயன்பட்டு வருகிறது. இரத்தத்தில் கிருமி கலந்த நோயாளிக்கு, வளர்ப்புப் பாட்டிலில் கிருமி முளைத்ததும் அதன் இனத்தை மரபணுவால் சில மணி நேரத்தில் அறியும் கருவிகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ளன. சேற்றில் நிற்கும் நெல் விவசாயிகளுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் இதற்கு இடமுண்டு. அந்நோயில் முதல் வாரம் கிருமி இரத்தத்தில் இருக்கும். அதைக் காட்டும் எதிர்ப்பொருளோ ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே தோன்றும். அந்த முதல் வாரத்தில் பி.சி.ஆர். கைகொடுக்கும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், தாம் சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எந்தச் சோதனை செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கருவிகள் தாலுகா கால்நடை ஆஸ்பத்திரிகளில் இருப்பதில்லை. பெரிய சோதனைச்சாலைகளுக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கும் டாக்டர் மூலம் மாதிரி போக வேண்டும். ஒரே சூட்டில், விலையுயர்ந்த கருவியின்றி மரபணுவைப் பெருக்கும் லேம்ப் என்ற முறையை ஜப்பானில் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொண்டை அடைப்பானுக்கும் அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. அது கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தால் காத்திருக்கும் நேரம் இன்னும் குறையும்.

திடீரென மாடு இறந்தால், உடலை நகர்த்தாமல், நாய், காக்கை அண்டாமல் மூடி வைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கோ 1962 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணுக்கோ உடனே சொல்ல வேண்டும். மற்ற மாடுகளை அந்த இடத்திலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். நோய் கண்ட மாட்டின் பாலைக் கறந்து விற்கவோ குடிக்கவோ கூடாது. ஆந்த்ராக்ஸ் என்று தெரிந்தால் உடலை எரிப்பதோ ஆழமாகப் புதைப்பதோ டாக்டரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரித்து வருகிறது. ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி எல்லா ஊருக்கும் போடுவதில்லை. முன்பு அந்நோய் கண்ட ஊர்களில் மட்டுமே போடப்படுகிறது. தங்கள் ஊர் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.